பங்காளர் கூட்டம்

ஒன்பதரைக்கென்று போட்டிருந்தார்கள்.
பத்தே காலுக்கு விளக்கேற்றினோம்.
மின்விசிறி இரண்டு தரம் சுடரை அணைத்தது,
மூன்றாம் தரம் நாங்கள் விசிறியை அணைத்தோம்.
புழுக்கத்தில் தொடங்கியது
சிறுவர் சேவைகளில் உள்ளூர்ப் பங்காண்மை பற்றிய
பொதுமக்கள் கருத்தறியும் கூட்டம்.

எனக்குக் குறிப்பெடுக்கும் வேலை.
சிங்களத்தில் பேசினால் தமிழில்,
தமிழில் அழுதால் அலுவலகத் தமிழில்.

மேசையில் ஆறு பெயர்ப்பலகை.
கல்வி, சுகாதாரம், பொலிஸ், நன்னடத்தை, சிறுவர் உரிமை.
ஆறாமவர் கொழும்பில்
இதைப்போல் இன்னொரு கூட்டத்தில்.

பங்காளர் எண்டால் ஆர் என்று
திருக்கடலூர் மீனவர் சங்கத்து வேலுப்போடியார் கேட்டார்.
சேர்ந்து வேலை செய்பவர்கள் என்றேன்.
"எங்கட பக்கம் பங்காளி எண்டால்
இரவோட இரவா வேலிக் கதியாலைத் தள்ளிப் போடுறவன், தங்கச்சி."
மண்டபம் சிரித்தது.
நன்னடத்தையும் சுகாதாரமும் மட்டும்
ஒருவரையொருவர் பாராமல் சிரித்தார்கள்.

படிவம் கொடுத்தோம்.
முப்பது பேருக்குப் பதினொரு பேனை.
"நிறுவனங்களுக்கிடையிலான ஒருங்கிணைப்பு திருப்திகரமானது":
முற்றாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை.
கிண்ணியாவிலிருந்து வந்த சித்தி றிஸ்வியா
"கருத்தில்லை"யில் "இல்லை"யை வெட்டினார்.
கீழே எழுத ஒரு வரிதான் இடம்.
தாளைத் திருப்பினார்.

வாசலில் ஒரு மான்.
பஸ் நிலையப் பக்கமிருந்து வந்திருக்கும்.
மிஞ்சிய படிவமொன்றைச் சப்பிக்கொண்டு நின்றது.
ஒருவரும் விரட்டவில்லை.
இந்த ஊரில் மானுக்கு
அழைப்பிதழ் தேவையில்லை.

பிறகு கதவோரக் கதிரையிலிருந்து
புவிராணி எழும்பினாள்.
சொப்பின் பையிலிருந்து நாலு காகிதம்.
பள்ளிக்கூடக் கடிதத்தில் நிதுசாந், இடைவிலகியவர்.
கிளினிக் அட்டையில் நிருஷாந், நிறை குறைவு.
பொலிஸ் துண்டில் நிதர்சன், வயது பதினாறு.
நன்னடத்தைக் கோப்பில் பெயரே இல்லை, ஒரு இலக்கம்.

"இதில நாலு பெடியன் நிக்கிறான், மிஸ்.
வீட்டில ஒருத்தன்தான். நிதுஷாந்த். பதின்மூண்டு வயசு.
அவனும் விடிய மூண்டு மணிக்கு
சீனக்குடாவுக்கு ஐஸ் உடைக்கப் போறான்.
நாலு கந்தோரும் தனித்தனிய வந்தது.
நாலு தரமும் தேத்தண்ணி ஊத்தினனான்.
நாலு தரமும் தகப்பன் எப்பிடிப் போனவர் எண்டு
முதலில இருந்து சொன்னனான்.
ஐஞ்சாம் தரம் என்னால ஏலாது.
அதைச் சொல்லத்தான் வந்தனான்."

இருந்துவிட்டாள்.
வீரக்கோன் மெடம் என்னைப் பார்த்தார், சிங்களத்துக்காக.
தேத்தண்ணி வரைக்கும் சொன்னேன்.
தகப்பனில் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

பன்னிரண்டரைக்குச் சோற்றுப் பார்சல்.
கை கழுவும் குழாயடியில்
"செவ்வாய்க்கிழமை பின்னேரமா போனீங்கள்?"
"ஓம்."
"நானும் செவ்வாய்தான். நீங்கள் குடிச்ச கோப்பை
கழுவாமல் இருந்தது."
ஏழு வருஷமாக ஒரே விறாந்தையில் இருப்பவர்கள்.
ஈரக் கையால் தொலைபேசி இலக்கம் மாற்றிக்கொண்டார்கள்,
குழாயைப் பூட்ட மறந்து.

இரவு குறிப்பைத் தட்டச்சு செய்தேன்.
மாதிரிப் படிவம் சொன்னது:
"பெயர் குறிப்பிட விரும்பாத தாய் ஒருவர்."
அவள் பெயரை மூன்று தரம் சொன்னவள்.
மகனுடையதை எழுத்துக் கூட்டி,
நான் சரியாக எழுதுகிறேனா என்று
எட்டிப் பார்த்தும் சொன்னவள்.
எழுதினேன்.
"கூட்டம் இனிதே நிறைவுற்றது" என்ற வரி
போன கூட்டத்திலிருந்து அப்படியே கிடந்தது.
"இனிதே"யை அழித்தேன்.
மிஞ்சிய சொல்லையும் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே ஏதோ லொறி,
அடியில் தண்ணீர் சொட்டச் சொட்டப் போயிருக்கும்.

பிரதி நாலு எடுப்பது வழக்கம்.
இந்த முறை ஒன்றுதான் எடுத்தேன்.
ஒரே கடித உறையில்
நாலு கந்தோரின் பெயரையும் எழுதினேன்.
யார் முதலில் திறப்பதென்று
அவர்களே பேசிக்கொள்ளட்டும்.